அம்மாவுக்கு ரெண்டு இடத்து பிரஷர் மாத்திரை: ஒரே மருந்து ரெண்டு தடவை உள்ளே போகுதா?

பாலக்கோட்டுப்பையன்:

வணக்கம். அம்மாவுக்கு 63 வயசு, எடை 52 கிலோ. பாலக்கோடு பக்கம் கிராமம், தக்காளி பறிக்கற வேலைக்குப் போறாங்க. பிரஷரும் சுகரும் இருக்கு. அட்டைகளைக் கையில வெச்சுக்கிட்டு, உள்ளே போற மாத்திரை அத்தனையும் எழுதறேன்.

காலையில: பிரஷருக்கு அம்லோடிபின் 5 மி.கி., சுகருக்கு மெட்ஃபார்மின் 500. ரெண்டும் அரசாங்கத்தோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து கொடுக்கறது.

ராத்திரி: மெட்ஃபார்மின் 500, அதோட டவுன் கிளினிக்ல போன மாசம் எழுதிக்கொடுத்த பிரஷர் மாத்திரை ஒண்ணு. அட்டையில பிராண்ட் பேருக்குப் பக்கத்துல 40 ஏஎம்ஹெச்-னு போட்டிருக்கு.

இது போக மூட்டுவலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கறது: அசிக்ளோஃபெனாக் 100 + பாராசிட்டமால் 325. தினம் ஒண்ணு, வேலை ஜாஸ்தியான நாள்ல ரெண்டு.

மூணு வாரமா சாயங்காலம் ஆனா ரெண்டு கணுக்காலும் வீங்குது, அழுத்தினா குழி விழுது. குனிஞ்சு நிமிர்ந்தா கண்ணு இருட்டுதுங்கறாங்க. ராத்திரி மூணு நாலு தடவை ஒண்ணுக்குப் போக எழுந்திருக்கறாங்க. வீட்டு மெஷின்ல உட்கார்ந்து பார்த்தா 108/64. முன்னாடி 160 வரைக்கும் காட்டினதால, இப்பதான் கன்ட்ரோல்ல இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க.

கிளினிக் டாக்டர்கிட்ட அரசாங்க மாத்திரை போடறதை அம்மா சொல்லலை. "அது சும்மா கொடுக்கறதுதானே" அப்படின்னு விட்டுட்டாங்க.

ரெண்டு பிரஷர் மாத்திரையும் வேற வேறயா, ஒண்ணா? வீக்கத்துக்கு நீர் மாத்திரை வாங்கலாமா? வெயில்ல வேலைக்குப் போற நாள்ல மட்டும் பாதி மாத்திரை போட்டா போதுமா?

மருந்தாளுநர்_காவேரிப்பட்டணம்:

தம்பி, நீங்க மி.கி. அளவோட எழுதினதாலதான் இதுக்குப் பதில் சொல்ல முடியுது. முதல் கேள்விக்கு நேரடியான பதில்: ஆமா, அம்லோடிபின் ரெண்டு தடவை உள்ளே போகுது.

பிராண்ட் பேருக்குப் பின்னாடி வர்ற எழுத்துகள் சும்மா போட்டது இல்லை. பெரும்பாலான கம்பெனிகள்ல ஏஎம் என்றால் அம்லோடிபின் சேர்ந்திருக்கு, ஹெச் என்றால் ஹைட்ரோகுளோரோதயசைடு, அதாவது நீர் மாத்திரை சேர்ந்திருக்கு. அந்த 40, டெல்மிசார்டன் என்கிற இன்னொரு பிரஷர் மருந்தோட அளவு. ஆக ஏஎம்ஹெச் என்பது வழக்கமா டெல்மிசார்டன் 40 + அம்லோடிபின் 5 + ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5. அம்லோடிபின் சேர்ந்த மாத்திரைகள்ல ஏடி-ன்னு இருந்தா அடினலால் (இதயத்துடிப்பைக் குறைக்கற இன்னொரு பிரஷர் மருந்து) கூட இருக்குன்னு அர்த்தம். ஆனா இந்த எழுத்துகளை மட்டும் நம்பி முடிவெடுக்காதீங்க, கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம். அட்டையோட பின்பக்கம் பொடி எழுத்துல "ஒவ்வொரு மாத்திரையிலும் உள்ளது" என்கிற வரி ஆங்கிலத்துல இருக்கும். அதுக்குக் கீழே எத்தனை மருந்துப் பேர் இருக்கோ அத்தனை மருந்து அந்த ஒரே மாத்திரையில. அரசாங்க அட்டையில இருக்கற பேர் அங்கேயும் இருந்தா, அது ரெட்டிப்பு.

அம்மாவுக்கு இப்ப ஒரு நாளைக்கு அம்லோடிபின் 10 மி.கி. போகுது. இது அந்த மருந்தோட உச்ச அளவு. கிளினிக் டாக்டர் 5 மட்டும்தான் போகும்னு நினைச்சு எழுதியிருக்கார். கணுக்கால் வீக்கம் அம்லோடிபினோட தெரிஞ்ச பக்கவிளைவு. அளவு கூடக்கூட வீக்கமும் கூடும். இந்த மருந்து இதயத்துல இருந்து வர்ற சின்னத் தமனிகளை விரிச்சுவிடுது, திரும்பிப்போற சிரைகளை அந்த அளவுக்கு விரிக்கறதில்லை. நடுவுல இருக்கற நுண்குழாய்கள்ல அழுத்தம் ஏறி, நீர் சுத்தியிருக்கற திசுக்களுக்குள்ள கசியுது. உடம்புல தண்ணி அதிகமாகி வர்ற வீக்கம் இல்லை இது. அதனால நீர் மாத்திரை போட்டாலும் பெரிசா குறையாது, தலைசுத்தல்தான் கூடும். அதுவும் போக, அம்மாவோட ராத்திரி மாத்திரையிலேயே நீர் மாத்திரை இருக்கு. கடையில கேட்டு இன்னொண்ணு வாங்கவே வேண்டாம்.

ராத்திரி ஒண்ணுக்கு எழுந்திருக்கறதும் அந்த ஹைட்ரோகுளோரோதயசைடால இருக்கலாம். போட்ட ரெண்டு மணி நேரத்துல வேலையை ஆரம்பிச்சு, ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரைக்கும் ஓடும். அதைக் காலையில போடறதுதான் வழக்கம். இருட்டுல எழுந்து, ஏற்கெனவே கண்ணு இருட்டற ஆள் வாசல்ல இறங்கினா இடுப்பெலும்பு முறியற ஆபத்து நிஜமானது. சுகர் ஏறியிருந்தாலும் ராத்திரி சிறுநீர் அடிக்கடி போகும், அதையும் சேர்த்துப் பாருங்க.

செய்ய வேண்டியது: எல்லா அட்டையையும், வலி மாத்திரை உட்பட, ஒரே பையில போட்டு எடுத்துக்கிட்டு கிளினிக்குக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ நாளைக்கே போங்க. அதுக்கு முன்னாடி, காலை அம்லோடிபின் போடற நேரத்துக்குள்ள கிளினிக்குக்கு ஒரு போன் போட்டு, "அரசாங்கத்துல அம்லோடிபின் 5 தனியா வருது, நீங்க எழுதினதுலயும் அது இருக்கு, எதை நிறுத்தட்டும்" அப்படின்னு இதே வார்த்தையில கேளுங்க. பயந்து எல்லாத்தையும் ஒண்ணா நிறுத்திடாதீங்க.

பாதியா உடைக்கறது பத்தி: மூணு மருந்து சேர்ந்த மாத்திரையை உடைச்சா எந்த மருந்து எவ்வளவு குறைஞ்சதுன்னு யாருக்கும் தெரியாது. பல மாத்திரைகள் ரெண்டு அடுக்கா செஞ்சிருப்பாங்க. அது மட்டுமில்லாம டெல்மிசார்டன் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். அட்டையிலிருந்து பிரிச்சு டப்பாவுல போட்டு வெச்சாலே கெட்டுப்போகும், போடற நேரத்துலதான் பிரிக்கணும். கிழமை போட்ட டப்பா வேணும்னா, அட்டையை ஒவ்வொரு மாத்திரையா கத்தரிக்கோலால வெட்டி, உறையோடவே வையுங்க. அம்லோடிபின் உடம்புல பாதியா குறையவே 30லிருந்து 50 மணி நேரம் ஆகும். வேலை நாள் காலையில பாதியாக்கினா அன்னைக்கு மதியம் வெயில்ல எந்த வித்தியாசமும் இருக்காது.

செவிலியர்_அரூர்:

தம்பி, அம்மாவை உட்கார வெச்சு மட்டும் பார்த்தா இந்தத் தலைசுத்தல் மெஷின்ல தெரியாது. இப்படிப் பாருங்க.

ஒண்ணுக்குப் போயிட்டு வரச் சொல்லுங்க. அரை மணி நேரத்துக்குள்ள காபி, டீ, வெத்தலையோட புகையிலை எதுவும் வேண்டாம். முதுகு சாய்ஞ்சிருக்கணும், ரெண்டு பாதமும் தரையில, கால் மேல கால் இல்லாம, அஞ்சு நிமிஷம் பேசாம உட்காரணும். கை மேசை மேல, கையில சுத்தற மெஷின் பட்டை நெஞ்சு மட்டத்துல. ரவிக்கைக் கை மேலே சுத்தாதீங்க, சுருட்டி ஏத்தி இறுக்கமானா கைப்பக்கம் தளர்வான துணியா மாத்திக்கச் சொல்லுங்க. ஒரு நிமிஷம் விட்டு ரெண்டு தடவை பாருங்க, ரெண்டையும் எழுதுங்க. அப்புறம் நிக்கவெச்சு ஒண்ணாவது நிமிஷமும் மூணாவது நிமிஷமும் பாருங்க, பக்கத்துலயே நின்னு பிடிச்சுக்கோங்க. மேல் எண் 20 அல்லது அதுக்கு மேல இறங்கினாலோ கீழ் எண் 10 அல்லது அதுக்கு மேல இறங்கினாலோ டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா அதைச் சொல்லணும்.

பட்டை அளவும் முக்கியம். 52 கிலோ உடம்புக்குப் பெரிய பட்டை சுத்தினா உண்மையைவிடக் குறைவாக் காட்டும், தடிச்ச கைக்குச் சின்னப் பட்டை அதிகமாக் காட்டும். பட்டையிலேயே எத்தனை செ.மீ. கைக்குன்னு எழுதியிருக்கும், நாடாவால மேல்கையோட நடுவுல அளந்து பாருங்க.

வீட்ல ஏழு நாள், காலையில மாத்திரைக்கு முன்னாடியும் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடியும் பார்த்து எழுதி, முதல் நாளை விட்டுட்டு மீதியோட சராசரி எடுக்கணும். அந்தச் சராசரி 135/85க்குக் கீழ இருந்தா வீட்டு அளவுல கட்டுப்பாடுன்னு எடுத்துக்கலாம். சுகர் இருக்கறவங்களுக்கு டாக்டர் இன்னும் கீழே வைக்கச் சொல்லலாம். ஆனா எண் குறையக் குறைய நல்லதுன்னு ஒரு கணக்கு கிடையாது. உட்கார்ந்து 108 காட்டற அம்மாவுக்கு நிமிர்ந்தா கண்ணு இருட்டுதுன்னா, அது கன்ட்ரோல் இல்லை, மருந்து அதிகம்.

"சும்மா கொடுக்கற மாத்திரைதானே" அப்படிங்கற பேச்சு எனக்கு ரொம்ப வருத்தம். இந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலதான் ஆரம்பிச்சுது. வீட்டுக்கு வர்ற மாத்திரை காசு வாங்காததால வீரியம் குறைஞ்சது இல்லை, கிளினிக்ல 5 மி.கி. எதுவோ அதேதான் இதுலயும். கிளினிக்ல "வேற மாத்திரை போடறீங்களா"ன்னு கேட்டா, நம்ம ஜனங்க காசு கொடுத்து வாங்கினதை மட்டும்தான் சொல்றாங்க. அதனால கூடப் போற பிள்ளைகள் அட்டையைக் கையில கொண்டுபோங்க, வாயால சொல்றதை நம்பாதீங்க.

பொதுமருத்துவர்_ஓசூர்:

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் இந்தப் பட்டியலில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இரண்டு அம்லோடிபின் அல்ல, அந்த வலி மாத்திரை.

அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் ஒரே குடும்பம். சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் வரும் குழாயை விரிவாக வைத்திருக்கும் ரசாயனத்தை இவை தடுக்கின்றன, உள்வரத்து குறைகிறது. டெல்மிசார்டன், லோசார்டன், எனாலப்ரில் போன்றவை ரத்தம் வெளியேறும் குழாயை விரிக்கின்றன. வடிகட்டிக்குள் அழுத்தம் மேலும் இறங்குகிறது. நீர் மாத்திரை உடலிலுள்ள நீரையே குறைக்கிறது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து, அதன்மேல் மே மாத வெயிலில் தக்காளித் தோட்டத்தில் போதிய தண்ணீர் குடிக்காமல் ஒரு நாள் வேலை செய்தால், வலியே இல்லாமல் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கலாம். அதே வலி மாத்திரை உப்பையும் நீரையும் உடலில் தேக்கி பிரஷரை ஏற்றவும் செய்யும், கால் வீக்கத்துக்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம். பிரஷர் ஏறுவதால் மருந்தைக் கூட்டுவார்கள், வலிக்கு மாத்திரை தொடரும், வட்டம் முடியாது.

எனவே அதை இன்றே நிறுத்துங்கள். நிறுத்துவதால் எந்த ஆபத்தும் இல்லை. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் உள்ள மாத்திரை: 500 மி.கி., தேவைப்பட்டால் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. ஈரல் நோய் இருந்தால் முதலில் கேட்டுவிட்டுப் போடுங்கள். முழங்காலில் தடவும் வலி ஜெல் ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும். மாத்திரைக்குப் பதில் அது பரவாயில்லை. சளிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் ஃபினைல்எஃப்ரின் இருந்தால் அதையும் தவிர்க்க வேண்டும், மூக்கடைப்பை எடுக்கும் அந்த மருந்து பிரஷரை ஏற்றும்.

நம் பகுதியில் இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1 மி.கி. வரை இருக்கலாம், வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை என்பதுதான் இந்தியத் தர நிர்ணய அளவு. அதற்கு மேல் பல ஆண்டுகள் குடித்தவர்களுக்கு முதுகு, கழுத்து, மூட்டுகள் இறுகி வலிக்கும். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். 63 வயதில் முழங்கால் தேய்மானமும் வரும், சுகரால் நரம்பு வலியும் வரும், எல்லா வலியும் ஃபுளோரைடால் அல்ல. ஆனால் காரணம் எதுவானாலும் நம் ஊர்களில் வலி மாத்திரை அரிசி பருப்பு போல மாத மளிகையில் சேர்ந்துவிட்டது. அப்படிப்பட்ட வீட்டில் பிரஷர் மாத்திரை எழுதும்போது இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். மருத்துவர் கேட்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

நாளை ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம், சோடியம் மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். டெல்மிசார்டன் தொடங்கினால் ஓரிரு வாரத்தில் இந்தப் பரிசோதனை வேண்டும். கிரியாட்டினின் பழைய அளவிலிருந்து 30 சதவீதம் வரை ஏறுவது இந்த மருந்தில் எதிர்பார்ப்பதே. அதற்கு மேல் ஏறினால் காரணம் தேட வேண்டும். ஹைட்ரோகுளோரோதயசைடு வயதான பெண்களுக்கு, அதுவும் எடை குறைந்தவர்களுக்கு, சோடியத்தை இறக்கும். சோர்வு, குமட்டல், பேச்சில் தடுமாற்றம் என்று வந்தால் அதை "வயசாயிடுச்சு" என்று விடக்கூடாது.

வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து சாப்பிடக் குடிக்க முடியாத நாட்களில் டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் மெட்ஃபார்மினும் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படும். வழக்கமாகச் சாப்பிட ஆரம்பித்து 24 முதல் 48 மணி நேரத்தில் மீண்டும் தொடங்குவோம். இதை இப்போதே உங்கள் மருத்துவரிடம் கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மேல் எண் 90க்குக் கீழே போனால், மயங்கி விழுந்தால், சிறுநீர் மிகவும் குறைந்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம், உடனே ஜி.ஹெச். கூட்டிப்போங்கள். உதடு, நாக்கு, முகம் வீங்கினாலும் அப்படியே. அது டெல்மிசார்டன் வகை மருந்துகளில் அரிதாக வரும், ஆனால் மூச்சுக்குழலை அடைத்துவிடும்.

ஊத்தங்கரைக்காரர்:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். பிரஷர் மாத்திரையை ராத்திரி போட்டால்தான் ஹார்ட் அட்டாக் வராது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே? அப்பாவுக்கு அடினலால் 50. தீர்ந்துபோனால் நாலு நாள் கழித்துதான் வாங்குகிறார். ஒன்றும் ஆகாது என்கிறார்.

பொதுமருத்துவர்_ஓசூர்:

நேரம் பற்றி: பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய 'டைம்' என்ற ஆய்வு 2022இல் வெளியானது. காலையில் போட்டவர்களுக்கும் மாலையில் போட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு ஆகியவற்றில் வித்தியாசம் இல்லை. மறக்காமல் போட முடிகிற நேரமே நல்ல நேரம். நீர் மாத்திரை சேர்ந்தது மட்டும் காலையில் போடுவது நல்லது.

அடினலால் விஷயத்தில் அப்பா சொல்வது தவறு, இதை அவரிடம் உறுதியாகச் சொல்லுங்கள். அடினலால், மெட்டோபிரலால் வகை மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால் அதுவரை அடங்கியிருந்த இதயத்துடிப்பும் பிரஷரும் எகிறும். இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலியோ மாரடைப்போ வரலாம். நிறுத்த வேண்டுமென்றாலும் ஓரிரு வாரத்தில் படிப்படியாகத்தான். ஒரு வாரத்து மாத்திரை மீதமிருக்கும்போதே அடுத்ததை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ போடுபவராக இருந்தால், சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை அடினலால் மறைத்துவிடும். வியர்வை மட்டும்தான் அடையாளமாக மிஞ்சும்.

மருந்தாளுநர்_காவேரிப்பட்டணம்:

மறந்துபோனா என்ன செய்யறதுன்னும் சொல்லிடறேன், கடையில தினம் கேட்கறாங்க. தினம் ஒரு வேளை போடற பிரஷர் மாத்திரையை அதே நாள்ல ஞாபகம் வந்தா அப்பவே போடலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்ததுன்னா மறுநாளைக்கு உள்ளது ஒண்ணு மட்டும். விட்டதையும் சேர்த்து ரெண்டா போடக்கூடாது. மெஷின்ல 180 காட்டுதுன்னு கூட ஒண்ணு போடறதும் தப்பு. அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து மறுபடி பாருங்க. 180/120க்கு மேலயே இருந்து நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் விழறது, வாய் கோணறது, பேச்சு குழறது ஏதாவது இருந்தா 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. எதுவும் இல்லைன்னா அன்னைக்கே டாக்டர். நாக்குக்கு அடியில மாத்திரை வெச்சு சட்டுனு இறக்கற பழைய பழக்கத்தை யார் சொன்னாலும் செய்யாதீங்க, திடீர்னு இறங்கினா மூளைக்குப் போற ரத்தம் குறைஞ்சு பக்கவாதம் வரலாம்.

இன்னொண்ணு: அம்மாவோட மாத்திரையை மருமகளுக்குத் தலைவலின்னு கொடுக்கற வீடுகள் உண்டு. டெல்மிசார்டன், லோசார்டன், எனாலப்ரில் மூணும் கர்ப்பத்துல குழந்தையோட சிறுநீரகத்தைக் கெடுக்கும். குழந்தைக்கு முயற்சி பண்றவங்க இந்த மாத்திரைகள்ல இருந்தா, முன்னாடியே டாக்டரைப் பார்த்து மாத்திக்கணும்.

பாலக்கோட்டுப்பையன்:

எல்லாருக்கும் நன்றி. செவிலியர் அக்கா சொன்ன மாதிரி பார்த்தேன்: உட்கார்ந்து 110/66, நின்னு ஒரு நிமிஷத்துல 88/56, மூணாவது நிமிஷம் 94/58. கிளினிக்குக்குப் போன் பண்ணினதும் உடனே வரச் சொல்லிட்டாங்க. அரசாங்க அம்லோடிபின் நிறுத்தியாச்சு, வலி மாத்திரை நிறுத்தியாச்சு. நீர் மாத்திரையும் வேண்டாம்னு ஏஎம்ஹெச்சை எடுத்துட்டு டெல்மிசார்டன் 40 + அம்லோடிபின் 5 மட்டும் நாளையிலிருந்து காலையில. ரத்தம் எடுத்திருக்காங்க. ரெண்டு சந்தேகம். வீட்ல மீதி இருக்கற அரசாங்க மாத்திரையை என்ன பண்றது? உப்பைக் குறைக்கச் சொன்னாங்க. கடையில சோடியம் குறைஞ்ச உப்புன்னு ஒண்ணு இருக்கே, அதை வாங்கிடட்டுமா?

செவிலியர்_அரூர்:

88 வரைக்கும் இறங்கியிருக்கு, அன்னைக்கே கூட்டிப்போனது ரொம்ப நல்லது தம்பி. மீதி மாத்திரையை வீட்ல வைக்காதீங்க, திட்டத்துல வர்ற தன்னார்வலர்கிட்டயே திருப்பிக் கொடுங்க. மாத்தி எழுதின சீட்டைக் காட்டி, அவங்க பதிவுலயும் அம்மாவோட அட்டையிலயும் அம்லோடிபினை அடிச்சுத் திருத்தச் சொல்லுங்க. இதைச் செய்யலைன்னா அடுத்த மாசமும் அவங்க கடமைக்குக் கொண்டு வந்து கொடுப்பாங்க, அம்மாவும் பழக்கத்துல போட்டுக்குவாங்க. மெட்ஃபார்மின் தொடரணும், அதையும் சேர்த்து நிறுத்திடப் போறாங்க, கவனம். இல்லைன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல இந்தப் புதுச் சீட்டைக் காட்டி, இதே மருந்துகளை அங்கேயே வாங்க முடியுமான்னு கேளுங்க. ஒரே இடத்துல வாங்கினா இந்தக் குழப்பமே வராது.

அம்மாவுக்கு ஒண்ணு சொல்லிக்கொடுங்க: படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிஷம் கட்டில் ஓரத்துல உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் அசைச்சிட்டு எழுந்திருக்கணும். தோட்டத்துல குனிஞ்சே பறிக்காம, நடுநடுவுல உட்கார்ந்து எழுந்திருக்கட்டும்.

மருந்தாளுநர்_காவேரிப்பட்டணம்:

அந்த உப்பை வாங்காதீங்க தம்பி. சோடியத்தைக் குறைச்ச இடத்துல பொட்டாசியம் குளோரைடு போட்டிருப்பாங்க, பாக்கெட்ல எழுதியிருக்கும். டெல்மிசார்டன் பொட்டாசியத்தை வெளியே விடாம பிடிச்சு வைக்கும். ரெண்டும் சேர்ந்து பொட்டாசியம் ஏறினா இதயத்துடிப்பு தடுமாறும். அதுவும் இப்ப நீர் மாத்திரையும் நின்னுபோச்சு, பொட்டாசியத்தை வெளியேத்த அதுவும் இல்லை. தினம் ரெண்டு மூணு இளநீர் குடிக்கற பழக்கம் இருந்தாலும் ரத்த ரிசல்ட் வர்ற வரைக்கும் நிறுத்தி வையுங்க. ஓ.ஆர்.எஸ். வயிற்றுப்போக்குக்கு மட்டும், வெயிலுக்குன்னு தினம் கலக்கக் கூடாது. வேலை நாள்ல வெறும் தண்ணியையே கொஞ்சம் கொஞ்சமா, தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே குடிக்கட்டும்.

சாதாரண உப்பையே குறைச்சுப் போடுங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன் அளவுக்குள்ள, சமையல்ல போடறது எல்லாம் சேர்த்து. களிக்கு உப்பே வேண்டாம், குழம்புல இருக்கறது போதும். நிஜமா உப்பு ஏறறது மாங்காய் ஊறுகாய்லயும் கருவாட்டுலயும் அப்பளத்துலயும்தான். கூழுக்குத் தொட்டுக்க ஊறுகாய்க்குப் பதில் சின்ன வெங்காயமோ பச்சை மிளகாயோ வெச்சுக்கலாம்.

கணுக்கால் வீக்கம் வத்த ஒரு வாரம், ரெண்டு வாரம் ஆகலாம், அம்லோடிபின் உடம்பை விட்டு மெதுவாத்தான் போகும். அதுக்குள்ள அவசரப்பட்டு எதுவும் மாத்தாதீங்க. ரெண்டு வாரம் கழிச்சும் வீக்கம் அப்படியே இருந்தா, ஒரு கால் மட்டும் வீங்கினா, படுத்தா மூச்சு வாங்கினா அது வேற விஷயம், டாக்டர்கிட்ட காட்டணும். இப்ப எடுத்த கிரியாட்டினின் ஏறியிருந்ததுன்னா வலி மாத்திரை நிறுத்தின ரெண்டாவது வாரம் மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க, ரெண்டு ரிசல்ட்டையும் ஒரே கவர்ல வையுங்க.